பழைய மலைமிதிவண்டியின் முனகல்

கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே, சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ளது செமினி. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்திருந்த இவ்வூரில் இன்று வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. ஆனாலும் வீடுகளின் கடைசி வரிசையைத் தாண்டினால் செம்மண் பாதைகள் இன்னும் கண்ணில் படுகின்றன. செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகள் போட்ட தடங்கள் அவை. ஒரு பக்கம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரமுள்ள புரோகா மலை. இன்னொரு பக்கம் செமினி அணைக்கட்டை நோக்கி ஏறி இறங்கும் சாலை. வார இறுதிக் காலைகளில் இந்தப் பக்கம் போகிறவர்கள் மிதிவண்டி ஓட்டுபவர்களைக் காணாமல் திரும்புவது அரிது.

நல்ல மலைமிதிவண்டி விலை மிகுந்தது. அதனால் மாணவர் பலர் பிறர் ஓட்டிய வண்டியையே வாங்குகின்றனர். அது நல்ல முடிவுதான். தரமான பழைய வண்டி, மலிவான புதிய வண்டியைவிடப் பெரும்பாலும் மேலானது. ஆனால், வாங்கிச் சில நாள்களில் ஒரு தொல்லை தலைகாட்டும். சமதரையில் ஊமையாக ஓடிய வண்டி, மேட்டில் ஏறும்போது முனகத் தொடங்கும். அந்த முனகலை இருவகையில் தவறாகக் கையாளலாம். எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் கைப்பணம் கரையும். ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டாலோ, விரிசல் விட்ட சட்டகம் ஒரு நாள் இறக்கத்தில் முறியக்கூடும். இரண்டாவது தவறு முதலாவதைவிடக் கொடியது.

முதலில், ஓசை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் விசை கூடுகிறது. நிலை உராய்வு அவற்றை நழுவவிடாமல் பிடித்து வைக்கிறது. விசை ஓர் எல்லையைக் கடந்ததும் பிடி விட்டுப் பரப்புகள் சட்டென்று நழுவுகின்றன. நழுவும்போது உள்ள இயக்க உராய்வு, நிலை உராய்வைவிடக் குறைவு. எனவே நழுவல் ஒரு கணம் தங்குதடையின்றி நடக்கிறது. அழுத்தம் தணிந்ததும் பரப்புகள் மீண்டும் பற்றிக்கொள்கின்றன. பற்றுதல், நழுவுதல், மறுபடி பற்றுதல் என்று இது விரைவாகத் தொடரும்போது அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வே நம் காதில் ஓசையாக விழுகிறது. வயலின் வில் தந்தியை இசைப்பதும், கதவுக் கீல் கிரீச்சிடுவதும், கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி கத்துவதும் இதே முறையில்தான். வயலின் கலைஞர் வில்லில் பிசின் தேய்ப்பது பற்றுதலைக் கூட்டுவதற்காக. மிதிவண்டிக்காரர் கிரீஸ் தடவுவது அதைக் குறைப்பதற்காக.

நழுவும் தொலைவு மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ‘ஆட்டிப் பார்த்தேன், எதுவும் ஆடவில்லை’ என்பது போதுமான சோதனை ஆகாது. மேட்டில் ஏறும்போது உங்கள் உடல் எடையும் கால் வலிமையும் கைகளின் இழுப்பும் ஒன்றுசேர்ந்து சட்டகத்தை முறுக்குகின்றன. நிறுத்தி வைத்த வண்டியைக் கையால் ஆட்டி அந்த அளவு விசையைத் தர இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிதிவண்டியின் சட்டகம் உள்ளே வெற்றிடமுள்ள குழாய்களால் ஆனது. ஒரு முனையில் பிறக்கும் அதிர்வு மறுமுனைக்கு ஓடிவிடும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அலுமினியத்தில் ஏறத்தாழ 5,000 மீட்டர். அதனால் இருக்கைத் தண்டில் பிறந்த ஓசை காலடியில் கேட்கும். கைப்பிடியில் பிறந்தது நடு அச்சில் கேட்கும். மிதிகட்டைகளின் கைகளாகிய கிராங்குகளை இணைத்துச் சட்டகத்தின் அடியில் சுழலும் அச்சையே நடு அச்சு என்கிறோம். கடைகளில் அதைச் சுருக்கமாகப் ‘பிபி’ என்பார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும் பாகம் பெரும்பாலும் இதுதான். ஓசை கீழிருந்து வருவதுபோல் தோன்றுவதால், பலர் இதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஓசையைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகளையும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் நீங்கள் இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றை வண்டியின்மேல் பொருத்திப் பாருங்கள். ‘கீச் கீச்’ என்று எலிக்குஞ்சுபோல் இடைவிடாமல் கத்தினால் சங்கிலி காய்ந்திருக்கலாம். ‘நறநற’ என்றால் உருளைத் தாங்கிக்குள் மணல் புகுந்திருக்கலாம். ‘கடகட’ என்றால் எதுவோ கழன்று ஆடுகிறது. ‘சரசர’ என்று மெல்லத் தேய்ந்தால் தட்டுப் பிரேக்கின் தட்டு பிரேக் கட்டையில் உரசுகிறது. ‘டக்’ என்று ஒரே ஒரு வெட்டு ஓசை திரும்பத் திரும்ப வந்தால், இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகள் நழுவுகின்றன. ‘கிரீ…ச்’ என்று நீண்டு இழுபட்டால் அங்கே உராயும் பரப்பு பெரிது. இருக்கைத் தண்டும் கைப்பிடியும் அவ்வகை. இவற்றை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டா. எங்கே முதலில் பார்க்கலாம் என்பதற்கான குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

பழைய தோட்டத்துப் பெரியவர்களுக்கு இவ்வோசைகள் புதியன அல்ல. கனத்த எஃகு மிதிவண்டிகளில் கிராங்கை அச்சுடன் இணைப்பது ஒரு சிறிய ஆப்பு ஆணி. அது தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக் டொக்’ என்று கால் உணரும்படி இடிக்கும். மிதிவண்டி ஓசைக்கு நம் நாட்டு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1941 டிசம்பர் 8இல் படையெடுத்து வந்த ஜப்பானியப் படையினர் பலர் மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூருக்குள் நுழைந்தனர். வெயிலில் டயர்கள் வெடித்தபோது வெறும் சக்கர விளிம்புகளிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் தார்ச்சாலையில் எழுந்த அந்த இரைச்சலைக் கவச வண்டிகளின் ஓசை என்று எதிர்ப்படையினர் எண்ணினார்கள் என்றும் அப்படையின் அதிகாரியான சுஜி மசனோபு தம் நூலில் எழுதியிருக்கிறார்.

நம் மலைமிதிவண்டிக்குத் திரும்புவோம். கடைக்காரரிடம் போய், “அண்ணே, வண்டி சத்தம் போடுது,” என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? வண்டியை விட்டுப் போகச் சொல்வார். அதையே, “அண்ணே, மேட்டுல உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும், வலது கால் கீழே இறங்குறப்போ, சுற்றுக்கு ஒரு தடவை டக்குன்னு கேக்குது. நின்னு மிதிச்சா கேக்கல,” என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்படிச் சொல்வதற்குரிய செய்திகளை நீங்களே திரட்டலாம். கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மேடும் எண்ணத் தெரிந்த மனமும் போதும்.

முதலில் தாளத்தைக் கவனியுங்கள். முன்பற்சக்கரத்தில் 32 பற்களும், இப்போது சங்கிலி ஓடும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். காலால் ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். ஓசை காலின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வந்தால் மிதிகட்டை, கிராங்கு, முன்பற்சக்கரம், நடு அச்சு ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ளலாம். சுற்றுக்கு இரண்டு முறை, அதுவும் மிதிப்பதை நிறுத்திய பின்னும் வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். சங்கிலிக்கு வேறு தாளம் உண்டு. 116 கண்ணிகள் உள்ள சங்கிலி 32 பற்கள்மீது ஓடி ஒரு முழுச் சுற்று வர, கால் மூன்றரைச் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஆகவே மூன்று அல்லது நான்கு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் ‘டக்’ என்று கேட்டால், சங்கிலியில் ஒரு கண்ணி விறைத்திருக்கக்கூடும். சங்கிலியைக் கையால் பின்னோக்கி மெல்லச் சுழற்றினால் அந்தக் கண்ணி மடங்காமல் துள்ளிப் போவது தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. செங்குத்தான மேட்டில் நீங்கள் பெரும்பாலும் பெரிய பின்பற்சக்கரத்துக்கு மாறியிருப்பீர்கள். அதிலும் 32 பற்கள் இருந்தால் காலும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது சக்கரத்தின் ஓசையும் காலின் ஓசையும் ஒரே தாளத்தில் வந்து உங்களை ஏமாற்றும். எனவே ஒரு கியர் மாற்றி மீண்டும் எண்ணுங்கள். காலோடு சேர்ந்தே வந்தால் அது காலின் பக்கம். காலை விட்டு விலகிப் போனால் சக்கரத்தின் பக்கம்.

அடுத்து அதே மேட்டில் வெவ்வேறு விதமாக ஏறிப் பாருங்கள். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை. உட்கார்ந்தால் கேட்டு, நின்றால் நின்றுவிடும் ஓசை இருக்கையையோ இருக்கைத் தண்டையோ சார்ந்தது. நின்றால் மட்டும் கேட்டால் கைப்பிடிப் பக்கம் கருத்தைச் செலுத்துங்கள். நின்று மிதிக்கும்போது நாம் கைப்பிடியை இடமும் வலமும் இழுக்கிறோம். பின்னர் சமதரையில் மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு, மிதிகட்டைகளில் நின்றபடி மேலும் கீழும் துள்ளுங்கள். அப்போதும் முனகினால் அதிர்வுதாங்கியின் மூட்டுகளையோ முன்கவையையோ ஐயுறலாம். முன்பிரேக்கை அழுத்தி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது கைப்பிடியின் கழுத்தில் ‘டொக்’ என்றால் அங்கே தாங்கி தளர்ந்திருக்கிறது. இச்சோதனைகள் முழுவதற்கும் கால் மணி நேரம் போதும். ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாமல் வைத்திருப்பதே இதன் அடிப்படை. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பழுது நீக்கத்தைச் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த வகையில் இருக்கைத் தண்டுக்கே முதலிடம் தருவேன். முன்னர் ஓட்டியவர் பல மாதங்கள் அதைக் கழற்றியே இருக்கமாட்டார். செமினியின் பிற்பகல் மழையில் பின்சக்கரம் வாரி இறைக்கும் செம்மண் குழம்பு, தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்து காய்ந்து மணலாகிவிடும். தண்டின் உயரத்தை ஒட்டுப்பட்டையால் அடையாளமிட்டுவிட்டு வெளியே இழுங்கள். தண்டையும் குழாயின் உட்புறத்தையும் துணியால் துடைத்து, இரண்டும் உலோகமானால் மெல்லிய கிரீஸ் பூசி மீண்டும் செருகுங்கள். தண்டில் பொறித்துள்ள குறைந்த அளவுக் கோடு குழாய்க்குள் மறைந்தே இருக்க வேண்டும். அது வெளியே தெரிய ஓட்டினால் குழாயே பிளக்கும். இருக்கையின் அடிக்கம்பிகளைப் பிடிக்கும் கவ்வியையும் அப்படியே கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

ஓசை காலோடு சேர்ந்து வந்தால் அடுத்து மிதிகட்டைகளைக் கழற்ற வேண்டும். வலப்பக்க மிதிகட்டைக்கு வழக்கமான மரை, இடப்பக்கத்துக்கு எதிர்மரை. மிதிக்கும் விசை ஒவ்வொரு சுற்றிலும் மிதிகட்டையின் அச்சைத் துளைக்குள் மிக நுண்ணிய அளவில் உருட்டுகிறது. இரு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடப்பக்க மிதிகட்டை ஓட்ட ஓட்டத் தானே கழன்றுவிடும். இது தெரியாமல் இடப்பக்கத்தை முழுப் பலத்துடன் தவறான திசையில் முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். நினைவில் வைக்க ஓர் எளிய வழி உண்டு. ஸ்பேனரை மிதிகட்டை அச்சில் மாட்டி அதன் கைப்பிடி மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் கழலும். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். திருகத் தொடங்கும்போது கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் விரல் உடனே உணர்ந்துவிடும்.

அதன் பிறகே கிராங்குகளும் நடு அச்சும். கிராங்கைக் கையில் பிடித்துச் சட்டகத்தை நோக்கியும் எதிர்ப்புறமும் அசைத்துப் பாருங்கள். இரண்டு கிராங்குகளும் ஒன்றாக ஆடினால் நடு அச்சின் தாங்கி தளர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் பிடி தளர்ந்திருக்கிறது. ஆடும் கிராங்கை அப்படியே ஓட்டினால் அதன் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நடு அச்சைக் கழற்ற அதற்கென்றே செய்த கருவி தேவை. மேலும், பரவலாக உள்ள ஆங்கிலேய மரை வகையில் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை கொண்டது. இந்த வேலையைக் கடையில் கொடுப்பதே நல்லது. ஆனால் ‘மாற்றுங்கள்’ என்று சொல்லாமல், ‘கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிப் பாருங்கள்’ என்று கேளுங்கள். மரையில்லாமல் அழுத்திப் பொருத்திய நடு அச்சுகளும் இருக்கின்றன. அவை முனகுவதில் பெயர் பெற்றவை. அவற்றுக்கு எளிய மருந்து குறைவு.

சக்கரத்தின் பக்கம் ஐயம் விழுந்தால் ஆரக்கால்களைப் பாருங்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் உள்ளதைக் குடம் என்றும், அதிலிருந்து விரிவதை ஆரக்கால் என்றும், வெளிவட்டத்தை வட்டை என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். அச்சொற்கள் மிதிவண்டிக்கும் அப்படியே பொருந்தும். ஆரக்கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்தில் துருவோ மணலோ இருந்தால் சுமையேறும்போது அவை ‘கிணுக்’ என்று உராயும். இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து அழுத்தினாலே ஓசை வெளிப்படும். குறுக்கிடும் புள்ளியில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். தளர்ந்த ஆரக்கால் இருந்தால் மட்டும் சக்கரம் நிமிர்த்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். பின்சக்கரத்தருகே இன்னொரு கள்ளன் உண்டு. கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு சட்டகத்தோடு திருகியிருக்கும். அதன் பின்னே புகும் மண்ணும், அச்சின் முனைகள் சட்டகத்தில் அழுந்தும் இடத்தில் தங்கும் மண்ணும் எழுப்பும் ஓசை, நடு அச்சின் ஓசையைப் போலவே இருக்கும். கழற்றித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி மாட்ட ஐந்து நிமிடம் பிடிக்கும்.

இங்கே கிரீஸ் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40 புட்டியை எடுத்து எல்லா இடத்திலும் பீய்ச்சுவது பலரின் வழக்கம். 1953இல் அமெரிக்காவில் உருவான அந்தக் கலவையின் பெயரே, நீரை விலக்குவதற்காகச் செய்த நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிக்கிறது. துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் அது நல்லது. ஆனால் அழுத்தம் மிகுந்த இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நெடுநாள் தங்கும் தடிப்பு அதற்கு இல்லை. அங்கிருந்த பழைய கிரீஸையும் கரைத்துவிடும். ஓசை இரண்டு நாள் அடங்கி மூன்றாம் நாள் மேலும் உரக்க வரும். பீய்ச்சிய துளி தட்டுப் பிரேக்கின் தட்டில் பட்டாலோ பிரேக் பிடிக்காது. கரிநார்ப் பாகங்கள் இருந்தால் கிரீஸையும் தவிர்க்க வேண்டும். அவற்றுக்கென்று நுண்மணிகள் கலந்த பசை விற்கிறது. அது நழுவலைத் தடுத்து, குறைந்த இறுக்கத்திலேயே பிடித்து வைக்கும்.

மலைமிதிவண்டி விளையாட்டின் தொடக்கத்திலேயே கிரீஸுக்கு ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரீன் வட்டாரத்து இளைஞர்கள் 1930, 1940களில் செய்யப்பட்ட கனமான பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து மலைப்பாதைகளில் இறங்கினர். ஆக, உலகின் முதல் மலைமிதிவண்டிகளே கைமாறிய பழைய வண்டிகள்தாம். 1976 அக்டோபர் 21இல் அவர்கள் நடத்திய பந்தயத்தின் பாதை ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம் கொண்டது. அதாவது புரோகா மலையின் உயரம். பின்குடத்துக்குள் இருந்த பிரேக் அந்த இறக்கத்தில் கொதித்து, கிரீஸ் முழுவதும் புகைந்து போகும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்தது. மீண்டும் நிரப்புதல் என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. அங்கிருந்தவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டகத்தைக் கட்டினார்.

கழற்றியதை எவ்வளவு இறுக்குவது? ‘இறுக இறுக நல்லது’ என்பது தவறான எண்ணம். முறுக்கு விசையை நியூட்டன் மீட்டர் என்ற அலகால் அளக்கிறோம். கைப்பிடியைப் பிடிக்கும் சிறு போல்ட்டுகளுக்குப் பொதுவாக 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். அளவு பெரும்பாலும் பாகத்தின்மேலேயே பொறித்திருக்கும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் இரண்டரைக் கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. மிதிகட்டைக்கு 35 நியூட்டன் மீட்டருக்குக் குறையக் கூடாது; அதே சாவியில் ஏறத்தாழ 18 கிலோகிராம் தொங்குவதற்குச் சமம். ஒன்றுக்கு இரண்டு விரல் போதும், மற்றொன்றுக்குத் தோள் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் சிறு போல்ட்டின்மீது தோள் வலிமையைக் காட்டினால் அதன் தலை முறிந்து கையில் வரும். நான்கு போல்ட்டுகள் உள்ள இடத்தில் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். நம் நாட்டில் ஓடும் வண்டிகள் பலவற்றில் ஷிமானோ நிறுவனத்தின் பாகங்கள் இருக்கும். 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு ஜொகூரின் பொந்தியான் வட்டாரத்திலும் தொழிற்சாலை உண்டு. அதன் கையேடுகளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய அளவு அச்சாகியிருக்கிறது.

எல்லாவற்றையும் துடைத்து, பூசி, இறுக்கிய பிறகும் ஓசை போகவில்லை என்றால் சட்டகத்தை ஆராய வேண்டும். பழைய வண்டி வாங்குபவர் இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்வது இன்னும் நல்லது. எஃகு, ஓர் எல்லைக்குக் குறைவான சுமையை எத்தனை முறையும் தாங்கும் இயல்புடையது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட திட்டமான எல்லை இல்லை. ஒவ்வொரு குதிப்பும் ஒவ்வொரு மேடும் அதில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். முன்பு ஓட்டியவர் எத்தனை மேட்டிலிருந்து குதித்தார் என்பதை வண்டி வாய்திறந்து சொல்லாது. முனகல் மட்டுமே அதன் மொழி.

வண்டியை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பற்றவைப்புத் தடங்களைக் கைவிளக்கின் ஒளியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கைப்பிடிக் கழுத்தின் கீழ்ப்புறம், நடு அச்சைச் சுற்றியுள்ள பகுதி, இருக்கைத் தண்டு நுழையும் குழாயின் வாய், பின்சக்கர அச்சு பொருந்தும் முனைகள் ஆகியவை விரிசல் விரும்பும் இடங்கள். வண்ணப்பூச்சில் மயிரிழைபோன்ற கோடு, கழுவியும் போகாத கருங்கீற்று, தோல்போல் உரிந்த பூச்சு ஆகியவை எச்சரிக்கைகள். பஞ்சை அதன்மேல் மெல்ல இழுங்கள். நார் சிக்கினால் அது வெறும் கீறல் அன்று. கீறலா விரிசலா என்று இன்னும் ஐயமாக இருந்தால், கோட்டின் இரு முனைகளையும் மெல்லிய பேனாவால் குறித்துத் தேதியும் எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள். வண்டியைத் தோட்டப் பாதைக்குக் கொண்டுபோகாமல் சட்டகம் தெரிந்த ஒருவரிடம் உருட்டிக்கொண்டே சென்று காட்டுங்கள். அலுமினியச் சட்டகத்தில் விரிசல் உறுதியானால் அதைப் பற்றவைத்து ஓட்டலாம் என்ற பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டா. பற்றவைப்பின் வெப்பம் சுற்றியுள்ள உலோகத்தின் வலிமையைக் குறைத்துவிடும். அதை மீட்க முறையான வெப்பப் பதப்படுத்தல் தேவை. சக்கரங்கள், கியர்கள், பிரேக்குகள், இருக்கை ஆகியவற்றைக் கழற்றி இன்னொரு சட்டகத்தில் மாட்டலாம். விரிசல் விட்ட சட்டகத்தைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன், வேறு யாரும் எடுத்து ஓட்டாதபடி அதை ஓரிடத்தில் அறுத்துவிடுங்கள்.